பழைய போனைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைத் தள்ளுபடியை ஒட்டி, எந்த விலைக்கு எந்த ஸ்மார்ட்போன் வாங்கலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேமரா, பேட்டரி, திரை, பழைய போனைக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் இருந்தது. ஆனால் ஒரு கம்பெனி போனிலிருந்து வேறு கம்பெனிக்கு மாறுகிறவர், பழையதில் இருப்பதை எப்படிப் புதியதற்குக் கொண்டுபோவது என்று ஒரு வரிகூட இல்லை. விலை விவரத்துக்கு மட்டும் அரைப் பக்கம்.

பட்டுக்கோட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். டிஸ்பிளே, சார்ஜிங் பின், போர்டு வேலை எல்லாம் அவர் பார்ப்பார். "எல்லாத்தையும் புது போனுக்கு மாத்திக் குடுங்கக்கா" என்று வருகிறவர்கள் என் மேசைக்கு வருவார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடுத்து வரும் நாட்களில் அவர் மேசையைவிட என் மேசையில்தான் கூட்டம். இது போக, சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வரும் பிள்ளைகள், தாங்கள் வைத்திருந்த ஐபோனை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்து வருஷமாக ஆண்ட்ராய்டில் பழகிய அப்பா அதைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்துவிடுவார்.

என் முதல் குற்றச்சாட்டு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் மீதுதான். ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் பழைய போனை வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கையில் தருகிறார்கள். டெலிவரி தம்பி வாசலில் நிற்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அடுத்த தெருவில் இன்னும் நாலு வீடு பாக்கி. "லாக் எடுங்க, ஜிமெயில் எடுங்க, ரீசெட் போட்டுக் குடுங்க" என்கிறார். ரீசெட் போட்டதும் பழைய போனில் ஒன்றும் இல்லை. புதிய போனோ இன்னும் அட்டைப் பெட்டிக்குள் சீல் பிரிக்காமல் இருக்கிறது. இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் சார்ஜ் இருந்து, கேபிளோ வைஃபையோ போட்டுச் சில மணி நேரம் விட்டால்தான் இந்த வேலை நடக்கும். ஆஃபரில் அந்தச் சில மணி நேரத்துக்கு இடமே இல்லை.

ஒரத்தநாடு பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர் இப்படித்தான் வந்தார். 2018 நவம்பர் கஜா புயலுக்கு முன்னால் தோப்பு எப்படி இருந்தது, மறுநாள் எப்படிக் கிடந்தது என்று எடுத்த படங்கள் எல்லாம் பழைய போனில் இருந்தன. ரீசெட் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. என்னிடம் வந்து, "படத்தை எல்லாம் எடுத்துக் குடும்மா" என்றார். எங்கிருந்து எடுப்பது? கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "மரம் காத்துல போச்சு, படம் ஆஃபர்ல போச்சு" என்று சொல்லி எழுந்து போனார். மகளிர் குழுத் தலைவி ஒருவருக்கு, யார் யார் எந்த மாதத் தவணை கட்டினார்கள் என்கிற கணக்கு முழுக்க வாட்ஸ்அப் உரையாடலில்தான் இருந்தது. அவர் நோட்டுப் புத்தகம் போடவே இல்லை. போடச் சொல்லி இப்போது அறிவுரை சொல்லி என்ன பயன்.

"கூகுள்லதான் எல்லாம் இருக்குமே" என்று படித்தவர்கள் சொல்வார்கள். கூகுளில் இலவசம் 15 ஜிபிதான். படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்றிருந்த வசதி 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆப்பிளின் ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி. கல்யாண வீட்டு வீடியோ இரண்டு போட்டால் நிறைந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த ஜிமெயில் யாருடையது என்பதே பலருக்குத் தெரியாது. முதல் ஸ்மார்ட்போன் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் திறந்து, ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருப்பான். கணக்கை மீட்க அவன் கொடுத்த நம்பர் அவனுடைய பழைய நம்பராக இருக்கும். போன் கையில் இருக்கிற வரைக்கும் இதெல்லாம் வெளியே தெரியாது. மாறுகிற அன்றுதான் தெரியும். தொடர்பு எண்களை ஒரு விசிஎஃப் ஃபைலாக எடுத்துவிட்டால் எந்தக் கம்பெனி போனிலும் திறக்கும். பழைய போன் கையில் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

ஒரே கம்பெனிக்குள் மாறினால் தொந்தரவு குறைவு. ஆண்ட்ராய்டில் கம்பெனி மாறினாலும் படம், எண்கள், எஸ்எம்எஸ் எல்லாம் பெரும்பாலும் வந்துவிடும், ஒவ்வொரு கம்பெனியும் அதற்கென்று ஒரு ஆப் வைத்திருக்கிறது. தங்கள் பக்கம் வருகிறவருக்கு அந்த ஆப் விழுந்து விழுந்து உபசாரம் செய்யும், போகிறவருக்கு அவ்வளவு அக்கறை காட்டாது. கம்பெனியின் சொந்த நோட்ஸ், சொந்த கிளவுட், பூட்டி வைத்த ஆல்பம் ஆகியவை அடம்பிடிக்கும். (பூட்டிய ஆல்பத்தை மாற்ற வருகிற இளவட்டங்கள் என் மேசையைத் தாண்டி வீட்டுக்காரர் மேசைக்குப் போய்விடுவார்கள். எனக்கும் அதுதான் நிம்மதி.)

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் நடுவில்தான் சுவர். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் பேக்கப்பை, அதாவது உரையாடல்களின் நகலை, கூகுள் டிரைவில் வைக்கிறது, ஐபோனில் ஐகிளவுடில் வைக்கிறது. அதை இது திறக்காது, இதை அது திறக்காது. பல வருஷம் இதற்கு வழியே கிடையாது. 2021இல் ஐபோனிலிருந்து சாம்சங்குக்கும், 2022இல் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கும் வழி விட்டார்கள். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: ஐபோன் புத்தம் புதியதாக இருக்க வேண்டும், அல்லது முழுவதும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகன் கொடுத்த ஐபோனில் ஒரு வாரம் படம் எடுத்துப் பழகிவிட்டு வருகிற அப்பாவிடம், "இதை அழிச்சாத்தான் அது வரும்" என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஆப் இருந்தால் அந்தப் பக்கம் போய் மறுபடி காசு கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

கால் ரெக்கார்டிங் கதை வேறு. எங்கள் ஊர் நிலத் தரகர் ஒருவர் பேச்சு எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுவார், விலை பேசிவிட்டு யாராவது மாறினால் போட்டுக் காட்டுவதற்கு. கம்பெனி மாற்றி வேறு போன் வாங்கினார். அதில் பதிவு தொடங்கியதும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டது. போன் பேசுவதற்கான ஆப்பாகக் கூகுளின் டயலர் வருகிற போன்களில் அப்படித்தான். வேறு ரெக்கார்டிங் ஆப் போடுங்கள் என்றார். 2022 மே மாதத்தோடு கூகுள் அந்த வழியையும் அடைத்துவிட்டது. எதிராளிக்குத் தெரியாமல் பதிவு செய்வது நல்ல பழக்கமில்லை என்பது என் கருத்து, ஆனால் எட்டு நாளில் பாதி விலைக்குப் போனை விற்றுவிட்டுப் பழைய கம்பெனிக்கே திரும்பியவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பணம் அனுப்பும் ஆப்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். போன் மாறினால் யுபிஐ மறுபடி பதிவாக வேண்டும். அதற்கு அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். அதன்பிறகும் பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது, ஐபோன் என்றால் 72 மணி நேரம். திருட்டைத் தடுக்கப் போட்ட விதி, சரிதான். ஆனால் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் புது போன் வாங்கி, மண்டபத்துக்கு மீதிப் பணம் அனுப்ப முடியாமல் நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். போன் விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதெல்லாம் தொழில்நுட்பச் சிக்கல், யாரால் என்ன செய்ய முடியும் என்று சொல்வார்கள். நம்பர் மாறாமல் கம்பெனி மாறுவதையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். வேறு கம்பெனி சிம் வாங்கினால் நம்பர் போய்விடும் என்பதால், சிக்னலே இல்லாவிட்டாலும் பழைய சிம்மையே கட்டிக்கொண்டு அழுதவர்கள் எத்தனை பேர். கடைப் பலகையில் நம்பரை அழித்து எழுதிய வியாபாரிகள் எத்தனை பேர். 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நம்பரை எடுத்துக்கொண்டு போகும் உரிமை வந்தது. 1900க்கு ஒரு எஸ்எம்எஸ், அன்று 19 ரூபாய் கட்டணம், அவ்வளவுதான். கம்பெனிகள் மனமுவந்து கொடுத்ததா அது? அரசு சொன்னதால் கொடுத்தார்கள்.

சார்ஜரும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன் எல்லாவற்றுக்கும் டைப்-சி கட்டாயம் என்றது. 2023இலேயே ஐபோன் 15 டைப்-சியோடு வந்துவிட்டது. அதற்குமுன் என் மேசையில் நாலு வகைக் கேபிள் தொங்கும், இப்போது ஒன்றை வைத்தே பெரும்பாலான வேலை முடிகிறது. எங்கோ பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டம் பட்டுக்கோட்டையில் எனக்குக் கேபிள் செலவை மிச்சப்படுத்தியது.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் வரவிருந்தது என்பதை, திருச்சியில் சட்டம் படிக்கும் என் மகள் எடுத்துக் காட்டினாள். 2019 டிசம்பரில் மக்களவையில் தாக்கலான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், ஒரு நிறுவனத்திடம் இருக்கும் நம் தரவை இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோகும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2023இல் நிறைவேறிய சட்டத்தில் தரவைப் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கச் சொல்லலாம்; ஆனால் எடுத்துக்கொண்டு போகும் உரிமை மட்டும் அதில் இல்லை. அது ஏன் விழுந்தது என்று நம் எம்பிக்களில் யாராவது ஒருவர் கேட்டால் நன்றாக இருக்கும். அந்த உரிமையைச் சட்டத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

சட்டம் வர நாளாகும், எக்ஸ்சேஞ்ச் விஷயத்துக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு உத்தரவு போட்டால் போதும். புதிய போனைக் கொடுத்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பழைய போனைக் கொடுக்கலாம் என்று வைக்கட்டும். அதுவரை எக்ஸ்சேஞ்ச் தொகையை வாங்குபவரிடம் முன்பணமாக வாங்கி வைத்துக்கொண்டு, போன் வந்ததும் திருப்பித் தரட்டும். எங்கள் கடைத்தெருவிலேயே தெரிந்த வாடிக்கையாளருக்கு இப்படிச் செய்கிறார்கள், ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, ஏமாந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெட்டிக்குள் ஒரு தமிழ்த் துண்டுச் சீட்டும் வைக்கட்டும்: பழைய போனை அழிக்குமுன் ஜிமெயில் பாஸ்வேர்டைப் பாருங்கள், வாட்ஸ்அப்பை மாற்றுங்கள், பெரிய தொகை அனுப்ப வேண்டியிருந்தால் முன்பே அனுப்பிவிடுங்கள் என்று. இப்போது பெட்டிக்குள் வரும் புத்தகத்தைப் படிக்க எங்கள் கடை பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
பட்டுக்கோட்டை.