அந்த ஒரு கேள்வியை எடுத்துவிடுங்கள்

வேலைக்கு ஆள் எடுக்கும் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலையை உறுதி செய்வதற்கு முன் நீங்கள் நிரப்பச் சொல்லும் படிவத்தில், 'உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. அது என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். போன வாரம் ஒரு பெண் அதில் 'ஆம்' என்று குறித்தாள். தணிக்கை வேலையை நான் கற்றுக்கொடுத்த பெண். எழுத்துத் தேர்வு, இரண்டு நேர்காணல் எல்லாவற்றையும் தாண்டி வந்தவள். மறுநாளே, 'உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று முடியும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவளுக்குக் கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருடம் ஆகிறது. அதை யாரும் கேட்கவில்லை.

"அடுத்த தடவை இல்லைன்னே போட்டுடட்டுமாக்கா?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. நான் அப்படித்தான் போட்டிருந்தேன்.

பதினாறு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஏழு வருடம் மறைத்தேன். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். கழிப்பறைக்குள் போய்த் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குவேன். ஒரு வருடக் கணக்கு முடிக்கும் சமயம், கூட்டம் இரவு வரை நீண்டது. எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறக்கப் பயந்து இரண்டு நாள் மாத்திரையை விட்டேன். தூக்கமும் இல்லை. மாத்திரை தவறினாலோ தூக்கம் கெட்டாலோ வலிப்பு வரலாம் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காலை கூட்ட அறையிலேயே விழுந்தேன். யாரோ பதறிப்போய் வாயில் கரண்டியைத் திணித்ததில் முன்பல் உடைந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லையே.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்தி, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். என் மேலாளர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இதைப் பிரிவில் எல்லாருக்கும் சொல்லிக்கொடு என்றார். பத்து நிமிடம்தான் ஆயிற்று. அதன்பிறகு மாத்திரை டப்பா என் மேசை மேலேயே இருக்கிறது. பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது, இன்று அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு.

சரி, வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறி நிற்பது மாதிரி வேலைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவளிடம் இது எதற்கு? கணினித் திரையைப் பார்த்தால் வலிப்பு வந்துவிடும் என்று ஒரு அதிகாரி என்னிடமே சொன்னார். மின்னும் ஒளியால் வலிப்பு வருவது, இந்த நோய் உள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1992 கிரிக்கெட் உலகக் கோப்பையில் பந்தோடு பாய்ந்து ஸ்டம்புகளைச் சாய்த்து பாகிஸ்தானின் இன்சமாமை ரன் அவுட் ஆக்கினாரே தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ், அவருக்கும் வலிப்பு நோய் உண்டு. அந்தப் படத்தைத் திரையில் காட்டித்தான் ஊழியர்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி நடத்துகிறீர்கள். துன்பத்தை வென்றவர்களை மேடையேற்றிக் கைதட்டுகிறீர்கள். நாங்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் அந்தப் படிவத்தை நீட்டுகிறீர்கள். இது எனக்கு வலிக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். திறமையைப் பார்த்து வேலையை உறுதி செய்யுங்கள். அப்புறம், அந்த வேலைக்குத் தேவை இருந்தால் மட்டும், எங்களை உட்காரவைத்துக் கேளுங்கள். மறைக்காமல் சொல்கிறோம்.

அவள் கையில் இப்போது இன்னொரு நிறுவனத்தின் படிவம் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். அதற்குள் எதுவும் மாறாது என்று எனக்குத் தெரியும். அடுத்த படிவத்திலாவது அந்தக் கேள்வி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் ஒரு கணக்காளர்