பிரஷர் பார்க்க முன் ஐந்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். விடிய ஐந்து மணி பஸ், நம்பர் எடுக்க நெரிசல், மூன்று மணித்தியாலம் நின்ற நிலை. கதிரையில் இருந்த உடனேயே கையில் பட்டியைச் சுற்றினார்கள்: 170க்கு 100. பின்னேரம் வீட்டு மாமர நிழலில் சாய்ந்திருந்தவவுக்குப் பார்த்தேன்: 138க்கு 84.

பதற்றத்தில் அதிரீனலின் என்ற ஓமோன் சுரக்கிறது. சிறு நாடிகளின் சுவர்த்தசை இறுகிக் குழாய் ஒடுங்குகிறது, இதயமும் வேகமாக அடிக்கிறது. மனம் ஆறினால் அந்தத் தசை தளர்ந்து குழாய் விரியும். அளக்க முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கதைக்காமல் இருக்கவேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

2017 மாசியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராடத் தொடங்கிய தாய்மாரை நினைக்கிறேன். பிள்ளையைத் தேடுகிறவவிடம் "யோசிக்காதேங்கோ அம்மா" என்பது வைத்தியமா? ஆறுதலாக மூச்சிழுத்து விடப் பழக்குங்கள், இருத்திக் கதை கேளுங்கள். குளிசையை விடச் சொல்லவில்லை, அதுவும் கட்டாயம் வேணும்.

வன்னிக் கிளினிக்குகளில் நிழலோடு நாலு வாங்கு போட்டு, இருத்தி அளக்கும்படி சுகாதார அதிகாரிகளைக் கேட்கிறேன்.

ஒரு மகள்,
வன்னி.