மகளுக்கு, மசாலாப் பொட்டலத்தோடு

அன்பு மக்களே,

அம்மா எழுதுறேன். போனில பாதிப் பேச்சில ‘டூட்டிக்கு நேரமாச்சு’ன்னு வைச்சிருற. அதான் பொட்டலத்துக்குள்ள இந்தத் தாளையும் வைச்சிருக்கு.

நீ அனுப்பின படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். இங்கே இருந்த காலத்தில சாளை கழுவச் சொன்னா வயித்துவலின்னு படுத்துக்கிடுவ. இப்போ மான் தொடையை வெட்டுற. எனக்குப் பெருமைதான். தடிக்காரங்கோணத்து மாமா மட்டும், ‘மிளாவா? காட்டிலாகா பிடிச்சிராதா?’ன்னு கேட்டாரு. 1972-ல சட்டம் வந்த பிறகு இங்கே காட்டு இறைச்சின்னாலே கேஸ்தானே. அந்தப் படத்தைக் குடும்ப குரூப்பில போடாதே.

அங்கே கனடாவில லைசென்ஸ் எடுத்துச் சுடலாம், ஆனா காட்டு மானைக் கடையில விக்கப்படாதுன்னு தம்பி படிச்சுச் சொன்னான். அப்போ யாரோ கொடுத்ததாக்கும். கொடுத்தவங்க நல்லா இருக்கட்டும். மான் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தாச்சான்னு மட்டும் கேளு. உங்க சஸ்காச்சுவன் மாகாணத்து மான்களுக்கு மெலிஞ்சு மெலிஞ்சு சாகிற ஒரு மூளை வியாதி இருக்காம். மனுஷருக்கு வந்ததா இதுவரை இல்லை. ஆனாலும் ரிசல்ட் வராம தின்னாதீங்கன்னுதான் அங்கே சொல்றாங்க. எத்தனை விசில் விட்டாலும் அது போகாது. வேட்டைக்குப் போறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியலன்னா அவரு என்ன ஆளு?

சமையலுக்கு வாரேன். மான் கொழுப்பை ஆட்டுக் கொழுப்புன்னு நினைச்சு விட்டிராதே, வழிச்சு எறி. ஆறினதும் மெழுகுதிரி மாதிரி அண்ணத்தில ஒட்டும். தசைக்கு மேல வெள்ளைச் சவ்வு இருக்குமே, அதுக்கு அடியில கத்தி நுனியை விட்டு, இடது கையால இழுத்துப் பிடிச்சு உரி. தயிரும் மஞ்சளும் புரட்டி ராத்திரி பிரிட்ஜில வை. தசைக்குள்ள கொழுப்பு கிடையாது, தேங்காயெண்ணெயில கஞ்சத்தனம் பார்க்காதே. அங்கே கிடைக்கிற பிரீசர் தேங்காய்த் துருவல்ல தண்ணி நிக்கும். அது வத்தி, நிறம் சுவந்து, சலசலன்னு உதிரும் வரை இளந்தீயில வறு. பிறகு சின்ன உள்ளி, கறிவேப்பிலை. பொடியை அடுப்பை அணைச்சிட்டுப் போடு, கருகினா கசக்கும். அரைச்சு இறைச்சியில ஊத்திக் கொதிக்கவிடு, எண்ணெய் தெளியட்டும். மரச்சீனிக்கிழங்கு அங்கே கிடைக்குன்னு சொன்னியே, கூட வேக வை.

நல்லா வேகணும். 2022-ல ஒரு குடும்பம், உங்க பக்கத்துக் காட்டில சுட்ட கரடியை 45 நாள் பிரீசரில வைச்சிருந்து சுட்டுத் தின்னிருக்கு. கறுத்த இறைச்சி, வேகலன்னே தெரியல. ஆறு பேருக்குப் புழு உடம்பில ஏறியிருக்கு. அதில ரெண்டு பேர் கூட வெந்த காய்கறியை மட்டும் தின்னவங்க! குளிரில சாகாத புழுவாம். நர்ஸுக்கு நான் சொல்லணுமான்னு கேப்ப. இறைச்சி வெட்டின பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குறவதானே நீ. உள்ளே 74 டிகிரி வரணும். நடுவில சிவப்பா இருந்தாத்தான் ருசின்னு யாரு சொன்னாலும் கேக்காதே. யாரு சொன்னாலும்.

படத்தில பலகைக்குப் பக்கத்தில ரெண்டு தட்டு இருந்தது. அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல, ரப்பர் ஷீட் விலை கேக்கப் போயிட்டாரு. உன் அக்கா சொல்லிட்டுத்தான் எல்லாம் செய்தா. அதுக்கும் இந்த வீட்டில என்ன பாடு பட்டான்னு நீ பார்த்தவ, அதனாலதான் வாயைத் திறக்கலையோ என்னவோ. இப்போ அப்பா அப்படி இல்ல, கேட்டியா. மருமகனுக்குத்தான் முதல் மீன்துண்டு வைக்காரு.

தலை விஷயத்தைக் கேட்டு எழுது, மறந்திராதே. பொட்டலத்தில இருக்கிறது நம்ம காரம். அங்கே யாருக்கும் அது தாங்காதுன்னா முன்கூட்டியே சொல்லு, அடுத்த தடவை மிளகாயைக் குறைச்சு இடிக்கணும்.

அம்மா