அந்த நீல நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படி

அன்புள்ள சுசீ,

உன் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. மூன்றாவதில், "சரிதான், நீயும் பெரிய மனுஷி ஆயிட்டே" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது என் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. விரல் நுனியெல்லாம் வெடித்து, மடக்கினால் நீர் கசியும். எட்டு மாதமாகப் பேனா பிடிக்க வழியில்லை. வேறு யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. இந்த விஷயத்தை என் கையாலேயே உனக்கு எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவன் வேலை மாறிவிட்டான். லைப்ரரி அக்கா உன்னை விசாரித்தார், நீ அவருக்கும் பதில் போடுவதில்லையாம். விசாரிப்பு முடிந்தது.

இப்போது எழுந்து போய், வாசனைத் தைலக் குறிப்புகளை நான் எழுதித் தந்த நீல அட்டை நோட்டை எடுத்து வா. அந்தப் பச்சை மூடி பாட்டிலையும் கொண்டு வா. மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம் என்று எழுதியிருக்கிறாய். பேரக்குழந்தைக்குச் சளி பிடித்தால் தடவலாம் என்று அந்தப் பாட்டிலைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. சுசீ, அதைக் குழந்தை இருக்கும் அறைக்கே கொண்டு போகாதே.

அதில் இருப்பது யூகலிப்டஸ், புதினா எண்ணெய், கற்பூரம். நமக்கு நெஞ்சைத் திறந்துவிட்டது போல் இருக்கிறதே, அதே நெடி பச்சைக் குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில் போனால் மூச்சே தடுமாறிப் போகலாம். கற்பூரமோ யூகலிப்டஸோ சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வரலாம். அதற்கு ஒரு பாட்டிலெல்லாம் வேண்டாம், சில மில்லி போதும். நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார். "இயற்கையானது, பயப்படாதே" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருப்பேன். எழுதியவள் நான்தான். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. குழந்தைக்கு எந்த வாசனைத் தைலமும் வேண்டாம். மூக்கு அடைத்தால் டாக்டரைக் கேட்டு உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், போதும்.

என் கைக்கு வருகிறேன். காரணம் லாவண்டர் எண்ணெய்தான்.

நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை. பத்து வருஷமாகத் தலைவலிக்கு, பருவுக்கு, கொசுக்கடிக்கு, தூக்கத்துக்கு என்று எதற்கும் அதைத்தான் எடுத்தேன். எதிலும் கலக்காமல் அப்படியே தொட்டுத் தடவுவேன். பெரிய பாட்டிலாக வாங்கி, ஜன்னலோரம் வைத்து, பாதி காலியான பிறகும் மாதக்கணக்கில் திறந்து திறந்து மூடினேன். முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பாத்திர சோப் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அரிப்பு ஆற, அதன் மேலேயே லாவண்டரைத் தடவினேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

தோல் டாக்டர் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி அனுப்பினார். 48 மணி நேரம் குளிக்கக் கூடாது. பிறகு எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார். ஓரிடம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. லாவண்டரில் லினலூல் என்று ஒரு பொருள் இருக்கிறது, வாசனையில் பெரும்பங்கு அதனுடையது. புதிதாக இருக்கும்வரை அது அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. காற்றுப் படப்பட அது ஆக்சிஜனோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது, அந்த மாறின பொருள்தான் தோலுக்கு ஆகாதது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனுக்கும் இதே கதை. வெளிச்சம், சூடு, பாட்டிலுக்குள் காலி இடம், மூன்றும் சேர்ந்தால் சீக்கிரம் கெடும். நான் மூன்றையும் சேர்த்தே வைத்திருந்தேன்.

"எப்போது சரியாகும்?" என்று கேட்டேன். "கை ஆறிவிடும். ஆனால் உங்கள் உடம்பு இதை மறக்காது" என்றார். ஒரு தரம் ஒவ்வாமை பழகிவிட்டால் ஆயுசுக்கும் அப்படித்தானாம். இனி சோப், ஷாம்பு எது வாங்கினாலும் பின்பக்கத்தில் லினலூல் என்று இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டுத்தான் வாங்க வேண்டும். கை ஆறிவிட்டது, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. ஆனால் லாவண்டர் எனக்கு இனி இல்லை. ராத்திரி தலையணையில் அந்த வாசனை இல்லாமல் படுப்பதற்கு ஒரு மாதம் பிடித்தது. நீ ஒருத்திதான் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டாய்.

காட்டஃபோஸே கதை ஞாபகம் இருக்கிறதா? நோட்டின் முதல் பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன். கை வெந்துபோன ஃபிரெஞ்சு வேதியியலாளர், பக்கத்திலிருந்த லாவண்டர் தொட்டியில் கையை முக்கினார், மாயம் போல் ஆறிவிட்டது என்று. அது அப்படி நடக்கவில்லை. 1910-இல் ஆய்வுக்கூட விபத்தில் அவருக்குத் தீக்காயம் பட்டது உண்மை. காயம் அழுகத் தொடங்கிய பிறகுதான் அவர் லாவண்டரை எடுத்தார், அதுவும் தெரிந்தே எடுத்தார். தொட்டி, தற்செயல் எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. அந்தக் கதையை நம்பித்தான் "தீக்காயத்துக்கு நேரடியாக விடலாம்" என்று கீழே குறிப்பு எழுதினேன். அடித்துவிடு. தீக்காயத்துக்கு ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம், அவ்வளவுதான்.

இனி அளவு. இங்கேதான் உன்னோடு சண்டை. கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டை வைத்துக்கொண்டு நீ செய்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை, இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் "கொஞ்சம் கூடப் போனா என்னடி" என்ற அந்தக் குரலை இனி விட்டுவிடு. 1 மில்லி என்பது ஏறக்குறைய 20 துளி. 30 மில்லி தேங்காய் எண்ணெயிலோ பாதாம் எண்ணெயிலோ 6 துளி விட்டால் அது 1 சதவீதம், முகத்துக்கு அதுவே அதிகபட்சம். கை கால் உடம்புக்கு 12 துளி, 2 சதவீதம். நான் உனக்கு எழுதித் தந்தது 40 துளி! கிட்டத்தட்ட 7 சதவீதம். நீ அதற்கு மேல் கைக்கணக்காகவும் ஊற்றியிருப்பாய். கிராம்பு எண்ணெய் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லவங்கப்பட்டை எண்ணெயைத் தோலுக்கே கொண்டு போகாதே.

முகத்துக்கு எழுதியதில் பெர்கமாட் என்கிற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் இருக்கும், அதுவும் வேண்டாம். தோலைப் பிழிந்து எடுக்கும் அந்த எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். நம் ஒல்லிக்குக் கழுத்தில் பழுப்புக் கோடு விழுந்ததே, எத்தனை பேர் என்னென்ன சொன்னோம்! அது இதுதான். பூசினால் 12 மணி நேரமாவது அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. அதற்குப் பதில் இனிப்பு ஆரஞ்சு எண்ணெய் விடு, அதில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது மூட்டுவலித் தைலம். அண்ணாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஆரம்பித்திருப்பதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் கடைசி வரியில் எழுதுவாயா? அந்தத் தைலத்தில் வின்டர்கிரீன் என்கிற செடியின் எண்ணெய் இருக்கிறது. அதன் ஒரு டீஸ்பூனில் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு ஈடான சரக்கு இருக்கிறது, தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். வார்ஃபரின் மாதிரி மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் கசிய ஆரம்பிக்கலாம். அண்ணாவிடம் இன்றைக்கே சொல். இதுவரை எவ்வளவு தடவினார் என்று டாக்டரிடமும் சொல்லச் சொல்.

மந்திரி எப்படி இருக்கிறான்? இன்னும் உன் நாற்காலியை விட்டுக் கொடுப்பதில்லையா? அவனுக்காகவும் ஒரு பக்கம் போக வேண்டும். தரை துடைக்கும் தண்ணீரில் டீ ட்ரீ எண்ணெய் விடச் சொன்னேன். பூனையின் ஈரலுக்கு இந்த மாதிரிப் பொருள்களை உடைத்து வெளியேற்றுகிற வேலை சரியாக வராது. தரையில் நடப்பான், பாதத்தை நக்குவான், உள்ளே சேர்ந்துகொண்டே போகும். நடை தள்ளாடினாலோ வாயில் நீர் ஊற்றினாலோ தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடு. அந்தத் தண்ணீரில் வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகப் போடச் சொன்னதும் தப்பு. நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், பொங்கி முடிந்ததும் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தரைக்கு சோப்புத் தண்ணீரே போதும்.

அறையில் தெளிக்கும் வாசனைத் தண்ணீரைப் பற்றி நீ கேட்டிருந்தாய், ஏன் சில சமயம் வாசனையே இல்லை, சில சமயம் கண் எரிகிறது என்று. எண்ணெய் தண்ணீரில் கலப்பதில்லை, குலுக்கினாலும் ஒரு நிமிடம்தான், பிறகு மேலே போய் மிதக்கும். குளிக்கிற தொட்டியிலும் அப்படித்தான், மிதக்கிற துளி அப்படியே தோலில் ஒட்டும். வெறும் தண்ணீரில் செய்தது நாளடைவில் பூஞ்சை பிடிக்கவும் செய்யும். உன் பாட்டிலுக்குள் நூல் நூலாகத் தெரிகிறது என்றாயே, அது வேர்த்தூள் இல்லை சுசீ. கொட்டிவிடு. வாசனையை அறையில் பரப்பும் டிஃப்யூசரையும் ராத்திரி முழுக்க ஓட விடாதே. அரை மணி நேரம், ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, இவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதே. விடவில்லை. ஒரு குட்டித் தராசு வாங்கியிருக்கிறேன், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும். துளி எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஏன் தெரியுமா? வெட்டிவேர் எண்ணெய் தேன் மாதிரி. பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு துளி விழ யுகமாகும், விழுகிற துளியும் பெரிது. ஆரஞ்சு எண்ணெயோ தண்ணீர் மாதிரி, எண்ணுவதற்குள் மூன்று விழுந்துவிடும். இரண்டுக்கும் ஒரே துளிக்கணக்கு எப்படிச் சரியாகும்? எடையாகப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 30 கிராம் ஜோஜோபா எண்ணெயில் எல்லாத் தைலமும் சேர்ந்து 0.3 கிராம்.

இப்போது நான் செய்வது ஒன்றே ஒன்றுதான்: வெட்டிவேர் ஒரு பங்கு, சந்தனம் இரண்டு பங்கு, ஆரஞ்சு மூன்று பங்கு. டாக்டரிடம் காட்டிக் கேட்டு, முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். பூசினதும் ஆரஞ்சு துள்ளிக்கொண்டு வரும், அரை மணியில் போய்விடும். அதற்குப் பிறகு, நம் பழைய வராந்தாவில் தண்ணீர் தெளித்த பாயில் படுத்திருப்போமே, அந்த மாதிரி ஈரமண் வாசம். மறுநாள் காலையிலும் புறங்கையில் இருக்கும். கலந்த அன்றைக்கு முகர்ந்தால் மூன்றும் தனித்தனியாக நிற்கும், மூன்று வாரம் இருட்டில் வைத்துவிட்டுத் திறந்தால் ஒன்றாகியிருக்கும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், கழுத்துவரை நிரப்பு, மூடியில் தேதி எழுது. உனக்கு ஒன்று கலந்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்டிருந்தாய், யாரோ "தெரப்யூடிக் கிரேடு" என்று சொல்லி ரோஜா எண்ணெய் தருகிறார்களாம், வாங்கலாமா என்று. அப்படி ஒரு தரத்தை எந்த அரசாங்கமும் கொடுப்பதில்லை, விற்கிறவர்களே வைத்துக்கொண்ட பெயர். 1 கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் 4 டன் இதழ் வேண்டும். அதை நினைத்துக்கொண்டு அவர்கள் சொல்லும் விலையைப் பார், நீயே சொல்லிவிடுவாய். அசலாகவே இருந்தாலும் என்ன? என் லாவண்டர் அசல்தான் சுசீ, துளி கலப்படம் இல்லை.

மீதிப் பக்கங்களைத் திருத்தி அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. அதுவரை நோட்டை யாருக்கும் கொடுக்காதே. லைப்ரரி அக்கா நகல் எடுத்திருந்தால் அவருக்கும் சொல்லிவிடு. மகளுக்கு என் ஆசி. அவள் பிறந்த அன்று நாம் இரண்டு பேரும் அந்த வராந்தாவில் நின்றது இப்போதுதான் போலிருக்கிறது.

நீ பதில் எழுதும்போது சௌக்கியமெல்லாம் பிறகு விசாரித்துக்கொள். பச்சை மூடி பாட்டில் வீட்டில் இல்லை என்பதை முதல் வரியில் எழுது.

உன்,
ராஜி