செல்வியிடம் நீதான் பேச வேண்டும்

தர்மபுரி

அன்புள்ள முருகேசா,

செந்தூரா மாம்பழப் பெட்டி வந்து சேர்ந்தது. கணக்கு வாத்தியாருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். "அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் அனுப்பினானா?" என்று கேட்டார். உன் பெயர் இன்னும் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கை செல்வியைப் பற்றித்தான். சேலத்தில் அண்ணனுக்குப் பெருங்குடல் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். எடுத்த கட்டியைச் சோதித்ததில் எம்எஸ்எச்2 என்ற புரதமே இல்லை என்று வந்தது. அப்புறம் ரத்தத்தில் மரபணுச் சோதனை. பிறவியிலேயே வந்த கோளாறுதான், பரம்பரையாகப் புற்றுநோய்க்கு வழிவிடும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்று உறுதியாகிவிட்டது.

செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ நகலாகும்போது விழும் பிழைகளைத் திருத்துகிற புரதங்களில் இந்த எம்எஸ்எச்2 ஒன்று. அது இல்லாவிட்டால் பிழைகள் குவியும். செல் வளர்ச்சியை அடக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையை வாங்கும் ஏற்பியின் மரபணுவில் ஓரிடத்தில் 'ஏ' என்ற டிஎன்ஏ எழுத்து தொடர்ந்து பத்து முறை வருகிறது. அங்கே ஓர் எழுத்து விட்டுப்போனாலும் அந்த ஏற்பி உருப்படாது. 'போதும், வளராதே' என்று வெளியிலிருந்து வரும் உத்தரவு செல்லுக்குள் ஏறவே ஏறாது. சாதாரணமாக ஒரு பாலிப், அதாவது குடலுக்குள் முளைக்கும் சிறு சதை, புற்றாக மாறப் பத்து வருஷம்கூட ஆகும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓரிரு வருஷமே போதுமாம். டாக்டர் தாளில் வரைந்து காட்டியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் வந்ததே, அதுவும் இதன் வேலையாக இருக்கலாம் என்கிறார். 1895இல் அமெரிக்காவில் ஒரு தையல்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்று வந்தே போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று வார்தின் என்ற டாக்டரிடம் சொன்னாளாம். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் இறந்தாள். அந்தக் குடும்பத்தில் இருந்ததும் எம்எஸ்எச்2 கோளாறுதான் என்று பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். படித்ததும் எனக்குச் செல்வி முகம்தான் வந்தது. அவளும் மிஷின் தைப்பவள்தானே.

எங்களில் ஒவ்வொருவருக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. நான் ரத்தம் கொடுத்துவிட்டேன். செல்வி மாட்டேன் என்கிறாள். "எனக்கு வயிறு நல்லாத்தானே இருக்கு" என்கிறாள். அந்த அமெரிக்கப் பெண்ணுக்கு அன்று வழி எதுவும் இருக்கவில்லை, இவளுக்கு உண்டு. கோளாறு இருந்தால் ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்து பாலிப்பிலேயே எடுத்துவிடலாம், கர்ப்பப்பையையும் கவனித்துக்கொள்ளலாம். அவளுக்குக் கோளாறு இல்லையென்று தெரிந்தால், அவளிடமிருந்து பிள்ளைகளுக்கும் இது போகாது.

காவேரிப்பட்டணம் உனக்குப் பக்கம்தான். முருகேசண்ணன் சொன்னால் அவள் தட்டமாட்டாள். போனதும் புற்றுநோய் என்று ஆரம்பிக்காதே, அம்மாவைப் பற்றிப் பேசு. அவள் சரி என்றால் உடனே எனக்கு போன் போடு, மறுநாளே வந்து கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
சேகர்