மிக்ஸியைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மிக்ஸி நின்றதும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடும் பழக்கம் பெருகிவிட்டது. பல சமயம் அதற்குத் தேவையே இருக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்புப் பொத்தான் துருத்திக்கொண்டிருந்தால், பாரம் தாங்காமல் ஓவர்லோடு சுவிட்ச் துண்டித்திருக்கிறது. கால் மணி நேரம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். மறுபடி மறுபடி துண்டித்தால் ஜாரில் அளவைக் குறைக்க வேண்டும். கெட்டியான தேங்காய்ச் சட்னிதான் பெரும்பாலும் குற்றவாளி.

மோட்டார் சுற்றியும் பிளேடு நின்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும். ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளரையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்தது புதியதையும் தின்றுவிடும். சட்னியில் கறுப்பாக எண்ணெய் கலந்தால் ஜாரில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. மிக்ஸியைக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம், ஜார் போதும். விட்டு விட்டு ஓடி, காற்றுத் துளைகள் வழியே பொறி அதிகம் தெரிந்தால் மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். இரண்டு பிரஷ்களையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

கருகிய வாடை வந்து நின்றால்தான் யோசனை. மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரோ, அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு காயிலோ எரிந்திருக்கும். அந்தச் செலவு புதிய மிக்ஸியின் பாதி விலையைத் தாண்டினால் விட்டுவிடலாம் என்பது என் கணக்கு. காயில் கட்டக் கொடுத்தால் தாமிரக் கம்பியா, அலுமினியமா என்று முதலிலேயே கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

– மின்சாதனப் பழுது பார்ப்பவர், திண்டுக்கல்