கீழே மீண்டும் திறந்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நான் வாசித்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். அதையும் இரவல் கூடமொன்றில், மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே நின்று வாசித்தேன். பூட்டிக் கிடக்கும் ஜாஸ் மன்றத்தைப் பற்றி அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. இந்த ஆண்டு அறிக்கை நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மில் யாரும் இந்த இடத்தை மன்றம் என்றோ நிலவறை என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. "இன்று கீழே வருகிறீர்களா?" என்பதுதான் வழக்கம். அந்தக் கீழே நின்றுதான் இதை வாசிக்கிறேன்.

முதலில் ஓர் அஞ்சலி. வந்தவர்கள் முறைவைத்து மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் ஜாம் இரவுகளில் பெயர்த்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பாரே, அந்தப் பெரியவர் நாம் மூடியிருந்த காலத்தில் காலமானார். யார் எப்போது மேடையேறுவது என்பதில் அவர் சொன்னதே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. ஒரே சுற்றில் மூன்று சாக்ஸபோன்காரர்களை அவர் அனுமதித்ததே இல்லை. இப்போது தாளை வைத்திருக்கும் இளைஞர் நல்லவர், ஆனால் இளகிய மனம். சென்ற மாதம் ஒரு பாடலில் ஐந்து சாக்ஸபோன் கேட்டோம்.

செயற்குழு முறைப்படி கூடியது. குறிப்பேடு மேசையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அவர் எல்லைக்குள் நான் நுழைவதை அவர் விரும்புவதில்லை.

இனி பழுதுபார்ப்பு. நாம் மூடியதற்குக் காரணம் இரண்டு: தண்ணீர் ஒன்று, படிக்கட்டு மற்றொன்று.

ஜாஸ் நிலவறைகளைத் தேடிப் போனதற்கு வாடகை குறைவு என்பதும், நள்ளிரவில் டிரம்ஸ் அடித்தாலும் மண் சத்தத்தை விழுங்கிவிடும் என்பதும்தான் காரணம். அதே மண் மழையில் ஊறினால் தண்ணீரோடு சுவரை வெளியிலிருந்து நெருக்குகிறது. மேடைக்குப் பின்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது நினைவிருக்கும். முதலில் வந்த ஒப்பந்ததாரர் அதன் மேலேயே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தார். வெளியிலிருந்து தள்ளும் தண்ணீரை உள்ளே பூசிய பூச்சு தாங்குமா? மூன்றே மாதத்தில் அப்பளம்போலக் கொப்புளித்து உரிந்தது. அந்தச் செலவுச்சீட்டில் கையெழுத்திட்டவன் நான். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டேன். பொதுக்குழு அதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவதாக வந்தவர்கள் தண்ணீரோடு சண்டை போடவில்லை, அதற்கு வழி விட்டார்கள். சுவரடியில் வாய்க்கால் வெட்டி, ஓரத்தில் குழி எடுத்து, நீர் ஏறியதும் மிதவை தூக்கித் தானாக ஓடும் பம்பு வைத்தார்கள். மின்சாரம் நிற்பது பெரும்பாலும் மழை இரவில்தான் என்பதால், பேட்டரியில் ஓடும் மாற்று பம்பும் உண்டு. குழி மேடைக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டது. அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கட்டு விஷயத்தில் உறுப்பினர்கள் சிலருக்கு என் மேல் வருத்தம். இரண்டாவது வெளியேறும் வழி அமைத்ததில் நான்கு மேசைகள் போயின. அதில் ஒன்று தூணுக்குப் பக்கத்து மேசை, பலருக்கும் பிரியமான இடம். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனில் கோகோநட் குரோவ் விடுதியில் பிடித்த தீ, அதன் நிலவறை மதுக்கூடத்தில்தான் தொடங்கியது. 492 பேர் இறந்தார்கள். முன்வாசல் சுழற்கதவில் கூட்டம் சிக்கிக்கொண்டது. பக்கத்துக் கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உள்நோக்கித் திறந்தன. நம் புதிய கதவு வெளிநோக்கித் திறக்கும், இடுப்பு உயரக் கம்பியை அழுத்தினால் போதும். அந்தக் கம்பி வந்துசேராததால்தான் திறப்பு விழாவும் தள்ளிப்போனது. யுனெஸ்கோ அறிவித்த சர்வதேச ஜாஸ் நாளான ஏப்ரல் 30 அன்று திறக்க அழைப்பிதழே அச்சடித்துவிட்டோம். மிஞ்சிய அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில்தான் இந்த அறிக்கைக்குக் குறிப்பெழுதினேன்.

பியானோவைப் பற்றி இரண்டு வரி. ஈரத்தில் ஒலிப்பலகை உப்பி நடு ஸ்தாயி முழுக்கச் சுருதி ஏறியிருந்தது. ஒரே நாளில் சரிசெய்து தரச் சொன்னோம். சுருதி சேர்ப்பவர் மறுத்துவிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகள், எல்லாம் சேர்ந்து பதினைந்து டன்னுக்கு மேல் இழுக்கின்றன. அறை உலர்ந்து நிலைப்படாமல் அதில் கைவைத்தால் மறுவாரமே கலைந்துவிடும் என்றார். மூன்று தவணையாக வந்து முடித்தார். பியானோ மூடிமேல் டம்ளர் வைப்பவர்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே வாசிக்க இயலாது.

இப்போது இந்த ஆண்டின் உண்மையான விவகாரத்துக்கு வருகிறேன். கூரை.

பழைய கூரைப்பூச்சை இறக்கிவிட்டு, எதிரொலியைக் குறைப்பதாகச் சொல்லி மெல்லிய பஞ்சுப் பலகைகளைப் பொருத்தினோம். ஒத்திகை இரவில் நம் மூத்த டபுள் பேஸ் கலைஞர் ஆளுயரத் தந்திக்கருவியான அதை நிமிர்த்தி, விரல் பதிக்காத வெறுந்தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டினார். இ, ஏ இரண்டும் வந்தபடி வந்தன. டி தந்தியை மீட்டியதும், எப்போதும்போல, அறை முனகியது. அதே சமயம் டிரம்ஸ்காரரின் சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஒலியில் இருந்த பளபளப்பைக் காணோம். "நோயை விட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கியிருக்கிறீர்களே" என்றார் பேஸ்காரர்.

விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. நம் கூரையின் உயரம் 2.35 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. தரைக்கும் கூரைக்கும் இடையே ஒருமுறை போய்வரும் தூரத்தால் அதை வகுத்தால் 73 வருகிறது. பேஸின் டி தந்தி அதிர்வது நொடிக்கு 73.4 முறை. அறையும் தந்தியும் ஒரே சுருதியில் பிறந்திருக்கின்றன! அந்த அலையின் நீளம் நான்கரை மீட்டருக்கு மேல். விரற்கடைப் பஞ்சு அதை என்ன செய்யும்? சிம்பலின் சிற்றலைகளைத்தான் தின்னும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிந்தது. சங்க வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. பேஸ் சரியாகக் கேட்கவில்லை என்று மேசைக்காரர்களும், வயிற்றில் இடிக்கும்படி கேட்கிறது என்று பின்சுவரோரம் நிற்பவர்களும் எத்தனை ஆண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறோம்! ஒருவரையொருவர் செவிடு என்றுகூடச் சொல்லியிருக்கிறோம். இந்த அதிர்வு தரையிலும் கூரையிலும் உச்சமாக இருக்கும், நடு உயரத்தில் அநேகமாக மறைந்துவிடும். நடு உயரம் என்பது தரையிலிருந்து 1.17 மீட்டர், நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. எழுந்து நின்றால் காது அதைத் தாண்டிப் போய்விடுகிறது. இரு தரப்பும் சொன்னது உண்மை. சந்தேகம் இருப்பவர்கள் இன்றைய கூட்டம் முடிந்ததும் டி தந்தியை மீட்டச் சொல்லி, உட்கார்ந்தும் எழுந்தும் பார்க்கலாம். நான் செய்து பார்த்தேன். என் வயதில் அத்தனை தோப்புக்கரணம் ஆகாது என்று தலைவர் தடுத்தார்.

பஞ்சுப் பலகைகளில் பாதியைக் கழற்றியதும் சிம்பல் திரும்பியது. முனகலை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். அந்த ஒரு சுருதிக்கென்றே அளவெடுத்துச் செய்த அதிர்வுப் பெட்டிகளைக் கூரையோரம் பொருத்தினால் அது பெரும்பாலும் அடங்கும். செயற்குழுவில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன.

என் கருத்தை மறைக்கவில்லை: பொருத்த வேண்டாம். நியூயார்க்கில் 1935இல் தொடங்கிய வில்லேஜ் வான்கார்டு ஜாஸ் மன்றமும் நம்மைப்போல நிலவறைதான். 1961 ஜூன் 25 அன்று அங்கே பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த ஒலிப்பதிவைக் கேட்காத உறுப்பினர் இங்கே இருக்க முடியாது. டம்ளர் உரசுவதும் பேச்சுச் சத்தமும் அதில் அப்படியே இருக்கின்றன. அந்தக் குழுவின் பேஸ்காரர் ஸ்காட் லஃபாரோவின் வாசிப்பு அந்த அறையோடு சேர்ந்துதான் நமக்குக் கிடைத்திருக்கிறது; பதினொரு நாள் கழித்து அவர் கார் விபத்தில் இறந்தார். அந்த அறையை யாராவது முன்னதாகவே 'திருத்தி' வைத்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், நியாயமானதுதான்: நாம் கேட்டு மகிழும் முனகலோடு இரவு முழுக்க மல்லுக்கட்டுவது மேடையில் நிற்பவர். வாசிக்க வந்த விருந்தினர் ஒருவர் இரண்டாவது பாடலிலேயே டி தந்தியைத் தொடுவதை விட்டுவிட்டதை நானும் பார்த்தேன்.

திறப்பு இரவு. ரிப்பன், குத்துவிளக்கு, உரை எதுவும் வேண்டாம் என்று முன்பே முடிவு. தலைவர் மட்டும் கதவைத் திறந்து "கீழே வாருங்கள்" என்றார். முதல் பாடல் பன்னிரண்டு அளவை (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ். இரண்டாவது மெதுவான பாடல். டிரம்ஸ்காரர் பிரஷை எடுத்துத் தோலின் மேல் வட்டமாகத் தேய்க்க, பேஸ் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சரியாக அந்த நேரத்தில் குழியில் தண்ணீர் ஏறி, மிதவை 'டக்' என்று தட்டி, பம்பு உறுமத் தொடங்கியது. பேஸ்காரர் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு அளவை பொறுத்தார், பம்பின் சுருதியைத் தேடிப் பிடித்தார், அதிலேயே நின்று வாசித்தார். பம்பு ஓய்ந்தபோதுதான் கைதட்டல் எழுந்தது. பம்புக்கு ரப்பர் அடிப்பட்டை போட வேண்டும் என்று அன்றிரவே குறித்துக்கொண்டேன், போட்டாகிவிட்டது. போட்டிருக்க வேண்டாமே என்று மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

நிலுவையில் உள்ளவை: சாக்ஸபோன் வரிசைக்கு ஒரு விதி, மாடிப்படிக் கைப்பிடியின் தளர்ந்த திருகு, திறப்பு இரவில் யாரோ விட்டுச்சென்ற, இதுவரை யாரும் கேட்டு வராத ஒரு டிரம்பெட் ஊதுவாய்.

அதிர்வுப் பெட்டி பற்றிய தீர்மானம் பொருளாளரின் கணக்குக்குப் பின் வாக்கெடுப்புக்கு வரும். உறுப்பினர்கள் எழுந்து நின்று ஒரு முறையும் உட்கார்ந்து ஒரு முறையும் கேட்ட பிறகே வாக்களிக்க வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. பேஸ் தயாராக இருக்கிறது.